சந்தையில் வாங்கிய 15 கோழிகள்: கொடைக்கானல் மேல்மலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இது பூம்பாறைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில் நடந்தது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரையோ, ஊரையோ, கோழி வாங்கிய சந்தையையோ சொல்லப்போவதில்லை. கோழியைப் பார்த்து வாங்கித் தர அவர்கள் கூட்டிப்போனது என்னைத்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக நாட்டுக்கோழி வளர்ப்பவன் என்ற நம்பிக்கையில் கூப்பிட்டார்கள். அதனால் இதில் நடந்த தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

வீட்டில் நான்கு பேர்: அப்பத்தா, மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பையன். அரை ஏக்கரில் பூண்டும் கேரட்டும். கோழிகள் அப்பத்தாவின் பொறுப்பு, முட்டைக் காசு மருமகளின் கையில். கொடைக்கானலில் இரண்டு விடுதிகள் அவரிடம் நாட்டுக்கோழி முட்டை வாங்கிவந்தன. தினமும் கூடுதலாக ஏழெட்டு முட்டை கேட்டார்கள். வீட்டுக் குஞ்சுகள் வளர்ந்து முட்டைக்கு வர மாதக்கணக்கு ஆகும். எனவே கீழே சந்தையில் முட்டைக்கு வரும் பருவத்து வெடைக்கோழிகளாக வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

அப்போது கூட்டில் 31 உருப்படிகள் இருந்தன. தாய்க்கோழி 9, சேவல் 2, ஆடியிலிருந்து ஐப்பசி வரை பொரித்த இளங்கோழிகள் 20. பெரிய 11 உருப்படிகளுக்கும் முந்தைய ஆண்டு பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்திய வெள்ளைக் கழிச்சல் (இராணிக்கெட்) நோய்த் தடுப்பூசி முகாமில் ஊசி போட்டிருந்தது. இளசுகள் அதற்குப் பிறகு பொரித்தவை. அவற்றுக்கு ஒன்றும் போடவில்லை. தனியாக வாங்கிப் போடலாம் என்றால் மருந்துக் குப்பி ஒன்றே 100 கோழிக்கானது. கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். இருபது கோழிக்காக யார் அதை வாங்குவார்கள்? அடுத்த முகாம் ஒரு மாதத்தில் வரத்தானே போகிறது என்று விட்டிருந்தார்கள். கொல்லைப்புறத்தில் கோழி வளர்க்கிற எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

சந்தையில்

போனது பொங்கலுக்கு முந்தைய வாரம். கேரட் இறக்கப் போன பக்கத்து வீட்டுக்காரரின் மினி லாரியில் மூவர் போனோம். காய்கறிக் கிரேட்டுகளில் நான்கைக் கோழிக்காக அவரிடம் இரவல் வாங்கிக்கொண்டோம். சந்தைக்குள் நுழையும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. விடியலில் கூடி ஒன்பதுக்குள் முடிகிற சந்தை அது. நல்ல உருப்படிகள் போய்விட்டன. மிச்சத்தை விலை குறைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவரிடம் பதினெட்டு, இருபது வெடைகள் வெயிலில் கிடந்தன. சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வாகு, நல்ல நிறம். "எல்லாம் நம்ம தோட்டத்துக் கோழிதான்" என்றார். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்செலும்பில் சதை இருந்தது. கண்ணில் நீர் இல்லை, மூக்கில் சளி இல்லை, அடிவயிற்று இறகும் சுத்தமாக இருந்தது. இறக்கைக்குள் பேன் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. கேட்ட விலை ஐந்நூறு, முடித்தது 450. சேவல் ஒன்று 900. ஆக 14 வெடையும் ஒரு சேவலும் சேர்த்து 7,200 ரூபாய்.

அன்று கண்ணில் பட்டும் நான் வாய் திறக்காத ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். கோழிகளின் காலைக் கட்டியிருந்த கயிறுகள் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றுக்குத் தென்னங்கயிறு, சிலவற்றுக்குச் சாக்குச் சணல், இரண்டுக்கு நீலச் சேலையின் கிழிசல், ஒன்றுக்கு உரச்சாக்கின் வெள்ளை நூல். ஒரே தோட்டத்திலிருந்து வந்தவை என்றால் ஒரே கயிறாக இருந்திருக்கும். நாலைந்து வீடுகளில் பிடித்துச் சேர்த்தவை என்பதைக் கயிறே சொல்லிக்கொண்டிருந்தது. சேர்த்து விற்பது குற்றமில்லை. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு கோழி நோயில் தூங்கி நின்றால் மீதியை அவசரமாகச் சந்தைக்கு அனுப்புவது நம் ஊர்களில் நடக்கிறது. அப்படி வந்தது ஒன்றே ஒன்று இருந்தாலும் அரைநாள் சந்தையில் மற்றவற்றோடு கலந்துவிடும். விற்றவருக்கு அது தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. கோழியை மட்டும் பார்த்துவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விட்டவன் நான்.

மலை ஏறியது

பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். கிரேட்டுக்கு நான்கைந்து உருப்படி என்று பிரித்துப் போட்டு, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டினோம். மேலே போனால் பனி கொட்டும், நனைந்துவிடக் கூடாது என்பது எங்கள் கணக்கு. வத்தலக்குண்டில் உரமும் மளிகையும் ஏற்றுவதற்காக வண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றது. அப்போதாவது தார்ப்பாயை அவிழ்த்திருக்க வேண்டும். சாப்பிடப் போய்விட்டோம். தண்ணீர் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விடியற்காலையில் பிடித்த கோழிகள் அவை. சந்தையிலும் தண்ணீர் பார்த்திருக்காது.

பெருமாள்மலையில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது மணி ஐந்தரை. மருமகள் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினார். உள்ளிருந்து சூடான நாற்றம் முகத்தில் அடித்தது. நடுக் கிரேட்டில் இரண்டு வெடைகள் செத்துக் கிடந்தன. அலகு திறந்தபடி, கொண்டை கருநீலமாக. கையை வைத்தால் நெஞ்சுக்கு அடியில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. மற்றவை இறக்கையை விரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பதறிப்போய்த் தார்ப்பாயை முழுக்க அவிழ்த்துவிட்டோம். அதற்குப் பிறகு வீடு வரை அந்தக் கோழிகள் பனிக்காற்றிலேயே வந்தன. விடுமுறைக் கூட்டத்தில் கொடைக்கானலைத் தாண்டவே ஒரு மணி நேரம் பிடித்தது. வீட்டில் இறங்கியபோது இரவு எட்டு.

கோழிகளை ஏற்றிச்செல்வதற்கு விலங்குகள் போக்குவரத்து விதிகளில் 2001-இல் தனிப் பகுதி சேர்த்திருக்கிறார்கள். வெயில், மழை, நேரடிக் காற்று படக் கூடாது. வெப்பம் 25 டிகிரிக்கு மேல் இருந்தாலோ 15 டிகிரிக்குக் கீழே போனாலோ ஏற்றக் கூடாது. கிளம்பும் முன் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். இந்த நிகழ்வுக்குப் பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன். ஒரே பயணத்தில் இரண்டு எல்லையையும் மீறியிருக்கிறோம். மார்கழிக் கடைசியில் நடுப்பகலில் கீழே கிளம்பி இரவில் மேல்மலைக்கு வந்தால் வேறெப்படி இருக்கும்?

அந்த இரவு

புதுக்கோழியைப் பழைய கோழியோடு சேர்க்கக் கூடாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பத்தாவே வழியில் போனில் சொன்னார்: "கொண்டாந்ததைத் தனியா அடைங்க." ஒரு மாதமாவது ஒதுக்கி வைக்க வேண்டும் என்று நானும் சொல்லியிருந்தேன். கொல்லையில் பழைய மூங்கில் பஞ்சாரம் இரண்டு கிடந்தன, அதில் அடைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

இறக்கியபோது வெளியே விரல் விறைக்கிற குளிர். கீழே முப்பது டிகிரியைத் தாண்டிய வெயிலில் கிடந்த கோழிகள், தண்ணீர் இல்லாமல், இறகு ஈரமாகி, நிற்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. திறந்த கொல்லையில் பஞ்சாரத்துக்குள் விட்டால் விடிவதற்குள் பாதி விறைத்துப்போகும். வீட்டுக்குள் இடமில்லை. உருளைக்கிழங்கு அறையில் விதைக்கிழங்கு அடைந்து கிடந்தது, இரவில் காலி செய்ய முடியாது. அந்த வீட்டில் காற்று புகாத, கதகதப்பான இடம் ஒன்றுதான், அது பழைய கோழிகளின் கூடு.

"இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் உள்ள விடுவோம் மதினி, காலையில பிரிச்சுக்கலாம்" என்றேன். மருமகள் தயங்கினார். அப்புறம் சரி என்றார். 13 உருப்படியும் உள்ளே போயின.

இந்த ஆய்வை எழுதுவதற்கே காரணம் இந்த முடிவுதான். தெரியாமல் எடுத்த முடிவாக இருந்தால் சொல்லிக்கொடுத்துச் சரிசெய்யலாம். எங்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாக வைக்க ஒரு சூடான இடம்தான் இல்லை. கீழ்நாட்டில் ஒரு வேப்பமரத்தடியிலோ திண்ணையோரத்திலோ கோழியைப் பத்து நாள் ஒதுக்கி வைத்துவிடலாம். மேல்மலையில் மார்கழி, தை மாதங்களில் அது நடக்காது. மறுநாள் காலையில் பிரித்தோம். ஒரே கூட்டில் ஒரே எச்சத்தின்மேல் பத்து மணி நேரம் நின்றவற்றைப் பிரித்து என்ன பயன்?

முதல் பத்து நாட்கள்

இரண்டு நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் புதியவற்றில் ஒன்று தும்மியது. குளிர் தாக்கியிருக்கும் என்று வீட்டில் நினைத்தார்கள். நான்காம் நாள் இரண்டு வெடைகள் இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி, தலை தொங்கி நின்றன. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போனது. அப்பத்தா பார்த்த உடனே "வெள்ளைக் கழிச்சல்" என்றார். சீரகம், மிளகு, சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருண்டை பிடித்து ஊட்டினார். ஐந்தாம் நாள் மூன்று செத்தன.

அன்று மாலைதான் எனக்குத் தகவல் வந்தது. செத்த ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் இரட்டையாகக் கட்டி, மறுநாள் காலையில் மகன் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனார். மருத்துவர் அம்மா அறுத்துப் பார்த்தார். கல்லீரலுக்கு அருகே, அரைப்பைக்கு முன்னால் உள்ள சிறு இரைப்பையைப் பிளந்து காட்டினார். உள் சவ்வில் மணி மணியாக இருக்கும் சுரப்பிகளின் நுனியில் ஊசி குத்தியது போல ரத்தப் புள்ளிகள். இராணிக்கெட் நோயில் அடிக்கடி காணும் அடையாளம் அது. பறவைக் காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்யவும் வேண்டுமல்லவா, அதற்காக மாதிரியை மாவட்ட நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பினார். பின்னர் வந்த முடிவும் இராணிக்கெட் என்றே சொன்னது.

இந்த நோய் வைரஸால் வருவது. தொற்றியபின் வெளியே தெரிய 2 முதல் 15 நாள் வரை ஆகலாம், பெரும்பாலும் ஐந்தாறு நாள். அதனால்தான் சந்தையில் நான் எவ்வளவு தூக்கிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்த பிறகு குணப்படுத்த மருந்தில்லை. ஊசி போடாத கூட்டத்தில் முக்கால்வாசியோ முழுவதுமோ போய்விடக்கூடும். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் இந்த வைரஸ் எச்சத்திலும் மண்ணிலும் அதிக நாள் தாங்கும் என்று மருத்துவர் சொன்னபோதுதான் மேல்மலைக்காரர்கள் இன்னும் கூடுதலாகப் பயப்பட வேண்டும் என்பது உறைத்தது.

எட்டாம் நாள் வீட்டு இளசுகள் தூங்கத் தொடங்கின. பத்தாம் நாளுக்குள் ஏழு போயின. ஒன்றின் கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை முதுகைப் பார்த்தபடி, நின்ற இடத்திலேயே சுற்றியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் அதன் தலையைக் கையால் நேராகப் பிடித்து வைப்பான். விட்டதும் மறுபடி திரும்பிக்கொள்ளும். இரண்டு நாள் அப்படிச் செய்தான்.

வியாபாரி வந்த நாள்

பதினோராம் நாள் காலை கோழி வியாபாரி ஒருவர் பைக்கில் வந்தார். நின்றுகொண்டிருந்தவற்றுக்கு உருப்படிக்கு 150 தருவதாகச் சொன்னார். "ஆத்தா, கெடக்குறதையாவது காசாக்கிக்கங்க. நாளைக்கு இதுவும் இருக்காது." அவர் சொன்னது பொய்யில்லை. இருபதுக்கு மேல் மிச்சமிருந்தன. மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கிடைத்திருக்கும். வாங்கப்போன 7,200 கைமாற்று வாங்கிய பணம்.

அப்பத்தா விற்கவில்லை. "எவ வீட்டுக் கூட்டுல கொண்டுபோய் விடுறதுக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் அங்கேதான் இருந்தேன், நான் எதுவும் சொல்லவில்லை. இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது இதுதான். எங்கள் 15 கோழிகளும் யாரோ ஒருவர் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் விற்றவையாக இருக்கலாம்.

செத்தவற்றை ஓடையில் வீசவில்லை. தோட்டத்து மேட்டில் நான்கடிக் குழி வெட்டி, சுண்ணாம்புத் தூள் போட்டு, நாய் தோண்டாதபடி மேலே கல் அடுக்கினார்கள். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இரண்டு ஊர்கள் எடுக்கின்றன.

பக்கத்து வீட்டில் வெடித்தது

ஒன்றை மறந்துவிட்டோம். இரவல் வாங்கிய நான்கு கிரேட்டுகளை மறுநாளே லாரிக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டோம். எச்சத்தை வெறும் துடைப்பத்தால் தட்டியதோடு சரி, கழுவவில்லை. அவர் மனைவி அதில் ஒன்றில் வைக்கோல் போட்டு அடைக்கோழியை உட்காரவைத்தார். பதினான்காம் நாள் அந்தக் கோழி தூங்கியது. அந்த வீட்டில் ஆறு போயின. கிரேட்டு ஒன்றுதான் வழி என்று அடித்துச் சொல்ல முடியாது. இரு வீட்டுக்காரர்களும் ஒரே செருப்போடு இரு கொல்லையிலும் நடப்பவர்கள். ஆனால் எங்கள் எச்சத்தை நாங்களே அவர் கையில் கொடுத்தோம் என்பது உண்மை.

மருத்துவர் நேரில் வந்தார். நோய் புகாத நான்கு வீடுகளின் ஏறத்தாழ எண்பது கோழிகளுக்கு ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் கொண்டுவந்த லசோட்டா என்ற கழிச்சல் தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டாக விட்டார். 100 கோழிக்கான ஒரு குப்பி, ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. அந்த நான்கு வீட்டிலும் ஒரு கோழிகூடச் சாகவில்லை.

கணக்கு

கடைசிச் சாவு பிப்ரவரித் தொடக்கத்தில். வாங்கிய 15-இல் வழியில் 2, வீட்டில் 10 போய் மிஞ்சியவை 3. ஊசி போடாத இளசுகள் 20-இல் மிஞ்சியவை 3. ஊசி போட்ட பெரிய உருப்படிகள் 11-இல் செத்தவை இரண்டே இரண்டு. ஒரே கூடு, ஒரே இரவு, ஒரே எச்சம். அந்த இருபதுக்கும் இந்தப் பதினொன்றுக்கும் நடுவில் இருந்த பெரிய வேறுபாடு முந்தைய ஆண்டு போட்ட ஓர் ஊசி. பிழைத்த கோழிகளும் ஒன்றரை மாதம் முட்டையிடவில்லை. இரண்டு விடுதிகளில் ஒன்று வேறு ஆளிடம் போய்விட்டது.

அப்புறம்

பிப்ரவரி முகாமில் ஊரே கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தது. கூட்டிலிருந்த பழைய வைக்கோலை எரித்து, மேல்மண்ணை ஒரு சாண் வெட்டி எடுத்துப் புதைத்து, சுவருக்கும் தரைக்கும் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தார்கள். சித்திரை பிறக்கும்வரை புதிதாக எதுவும் வாங்கவில்லை.

அடுத்த முறை சந்தைக்குப் போகவில்லை. கீழ்மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் இரண்டே வீடுகளில், முகாமில் ஊசி போட்டதை உறுதிசெய்துகொண்டு 8 வெடைகள் வாங்கினோம். அந்த ஊர் நடுத்தரக் குளிர் உள்ள இடம் என்பதால் கோழிக்கு மேல்மலை புதிதாக இருக்காது. முந்தைய இரவே போய்த் தங்கி, தண்ணீர் காட்டி, காலை ஐந்து மணிக்கு மூங்கில் கூடைகளில் ஏற்றினோம். சாக்கைப் பக்கவாட்டில் மட்டும் சுற்றினோம், மேலே மூடவில்லை. ஒன்பதுக்குள் வீடு.

அதற்கு முன்பே உருளைக்கிழங்கு அறை காலியாகி, சன்னலில் சாக்கு தொங்கி, தரையில் உமி பரப்பி, ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. இடம் தயாராகும்வரை வாங்கப் போகக் கூடாது என்று மருமகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முப்பது நாள் அந்த அறைக்குத் தனிச் செருப்பு, தனித் தண்ணீர்ச் சட்டி. பழைய கோழிகளுக்குத் தீனி போட்ட பிறகுதான் அங்கே போவது. கடைசிப் பத்து நாள், ஊசி போடாத குஞ்சுச் சேவல் ஒன்றை உள்ளே விட்டுவைத்தோம். வந்தவற்றிடம் ஏதாவது ஒளிந்திருந்தால் அதற்குத்தான் முதலில் தெரியும். அது நன்றாகத் தின்று கொழுத்தது. முப்பத்தோராம் நாள் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டோம்.

இன்னும் மாற்ற வேண்டியவை

சந்தைக்கே போகாதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கையில் ஐந்நூறு ரூபாயோடு ஒரு கோழி வாங்க நினைப்பவருக்குச் சந்தைதான் கதி. போனால் விடியலில் போக வேண்டும், கூட்டத்தின் மிச்சத்தை வாங்கக் கூடாது, காலில் உள்ள கயிற்றைப் பார்க்க வேண்டும். கிரேட்டை இரவல் வாங்கினால் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கி, வெயிலில் காயவைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். கோழி தூங்கிய முதல் நாளே கால்நடை உதவி எண் 1962-க்கு அழைத்திருக்கலாம். நாங்கள் இரண்டு நாளைத் தவறவிட்டோம். மருந்து உருண்டை ஊட்டியதில் தவறில்லை, அதை நம்பிக் காத்திருந்ததில்தான் தவறு.

பிழைத்த சந்தைக் கோழிகள் மூன்றையும் என்ன செய்வது என்பதில் எனக்கும் அப்பத்தாவுக்கும் ஒத்துப்போகவில்லை. நோயிலிருந்து எழுந்த கோழி கொஞ்ச காலம் கிருமியை வெளியே விடலாம் என்பதால் அவற்றை அப்போதே கொன்றுவிட வேண்டும் என்றேன். அவர் கேட்கவில்லை. இரண்டு மாதம் தனிப் பஞ்சாரத்தில், இரவில் அடுப்படியோரத்தில் வைத்து வளர்த்தார். ஒன்றுக்குக் கழுத்து இன்னும் சாய்ந்தே இருக்கிறது. தரையில் கொத்த வராது என்பதால் கம்புத் தானியத்தைக் கிண்ணத்தில் போட்டு உயர்த்திப் பிடிக்கிறார்.

முட்டை ஆடியிலிருந்து மீண்டும் கொடைக்கானலுக்குப் போகிறது, ஒரு விடுதிக்கு மட்டும். முகாமுக்குப் பிறகு பொரித்த குஞ்சுகளுக்காக அந்த வீடும் லாரிக்காரர் வீடும் இன்னும் மூன்று வீடுகளும் ஆளுக்குப் பங்கு போட்டு ஒரு குப்பி லசோட்டா வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஐந்து வீட்டுக் குஞ்சுகளும் லாரிக்காரர் வாசலில் கூடின. மொத்தம் 64. அடுத்த குப்பி ஐப்பசியில்.